அப்டேட் வந்திருக்கிறது

ஓணத்துக்கு முந்திய வாரங்களில் திருவனந்தபுரத்துக் கைப்பேசிக் கடைகளில் கூடுகிற ஜனங்களின் முகத்தைப் பார்த்தால், புத்தாடை வாங்குவதில் உள்ள உற்சாகத்துக்குச் சற்றும் குறையாத உற்சாகம் புதிய போன் வாங்குவதிலும் உண்டு என்பது தெரியும். ஆனால் வாங்கிய போன் சில மாதம் உழைத்தபின் ஒரு நாள் திரையில் 'அப்டேட் வந்திருக்கிறது, இப்போது நிறுவலாமா?' என்ற கேள்வி தோன்றும்போது, அதே ஜனங்கள் தயங்கி, 'பிறகு' என்ற பொத்தானையே நாடுகிறார்கள். அப்டேட் போட்டால் போன் மெதுவாகிவிடும், சார்ஜ் நிற்காது, பழகிய இடத்தில் எதுவும் இராது என்ற அபிப்பிராயம் சாலைக் கடைவீதி வியாபாரியிடமும் உண்டு. கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் மென்பொருளே எழுதிச் சம்பாதிக்கிறவரிடமும் உண்டு. இந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் ஒரு பகுதிக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கிறது. இன்னொரு பகுதி பெரும் ஆபத்தை விளைவிக்கக் கூடியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வாடிக்கையாளருக்கு வசதி செய்து தரப்படவில்லை என்பதே என் வருத்தம்.

அப்டேட் என்று ஒரே பெயரில் வந்து சேர்கிற பொட்டலத்துக்குள் சம்பந்தமில்லாத பல பொருள்கள் இருக்கின்றன. மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் ஒரு வகை. புதிய வசதிகளும் புதிய தோற்றமும் வேறு வகை. யந்திரத்தின் வேகத்தையும் மின்சாரச் செலவையும் உள்ளிருந்து மாற்றி அமைக்கும் கட்டளைகள் மற்றொரு வகை. முதலாவது அவசியம், இரண்டாவது ருசியைப் பொறுத்தது, மூன்றாவது, சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியது.

அவசியமானதைத் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதற்குக் கேரளமே சாட்சி. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம், விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் இருந்த ஒரு பலவீனத்துக்குத் திருத்தம் வெளியிட்டது. முழுதாக இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மே 12 அன்று, 'வானாக்ரை' என்னும் நச்சு மென்பொருள் அதே பலவீனத்தின் வழியாக நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நுழைந்து, கோப்புகளைப் பூட்டிவைத்து, திறப்பதற்கு முந்நூறு டாலர் கேட்டது. வயநாட்டில் தரியோடு கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும், பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் அதற்கு இரையாயின. யாரும் எதையும் தவறாக அழுத்த வேண்டியதுகூட இல்லை. திருத்தம் போடாத கணினி வலைப்பின்னலில் இருந்தாலே போதும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. திருத்தம் வெளியான மறுகணமே, பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்து, ஓட்டை எங்கே இருந்தது என்பதைத் தீய நோக்கமுள்ளவர்களும் கண்டுகொள்கிறார்கள். இன்ன பூட்டு எளிதில் திறக்கும் என்று பூட்டுக்காரரே தண்டோரா போட்ட பின்னும் அதே பூட்டைத் தொங்கவிட்டிருப்பதற்கு ஒப்பானது, 'பிறகு' என்ற பொத்தானை மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருப்பது.

ஆனால், அப்டேட் போட்டால் போன் மெதுவாகிறது என்கிற புகார்? அதுவும் வெறும் பிரமை அல்ல. லித்தியம் அயான் மின்கலத்தில், ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் எதிர்மின்வாயின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்ந்துகொண்டே வருகிறது. நாளடைவில் மின்கலத்தின் உள்தடை மிகுகிறது. திருவனந்தபுரம் போன்ற வெப்பப் பிரதேசத்தில் இந்த முதுமை இன்னும் விரைவாக வந்து சேரும். இப்படி முதிர்ந்த மின்கலத்திடம், கேமராவைத் திறக்கும் அந்தக் கணத்தில், செயலி திடீரென்று மிகுந்த மின்னோட்டத்தைக் கேட்டால், மின்னழுத்தம் சரிந்து போன் தானாகவே அணைந்துவிடும். இதைத் தடுக்க ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் அனுப்பிய புதுப்பிப்பு, பழைய ஐபோன்களில் செயலியின் உச்ச வேகத்தைக் குறைத்தது. பொறியியல் நோக்கில் அது ஒரு நியாயமான பரிகாரந்தான். வாடிக்கையாளருக்கு அதைத் தெளிவாகச் சொல்லாமல் செய்ததே பிழை. ஆண்டின் இறுதியில் விஷயம் வெளிப்பட்டபோது நிறுவனம் மன்னிப்புக் கோரி, அமெரிக்காவில் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. உண்மையை முன்பே அறிந்திருந்தால் எத்தனையோ பேர் புதிய போனுக்குப் பதிலாகப் புதிய மின்கலத்தோடு திருப்தி அடைந்திருப்பார்கள். பெரிய அப்டேட் முடிந்த ஓரிரு நாள் போன் சூடாவதும் சார்ஜ் விரைவில் குறைவதும் இதிலிருந்து வேறானது. படங்களையும் ஆப்களையும் பின்னணியில் மறுபடி வரிசைப்படுத்துவதால் நேர்வது, தானே அடங்கிவிடும்.

தோற்றம் மாறும்போது எழுகிற எரிச்சலையும் நான் மதிக்கிறேன். பல நூறு முறை செய்த காரியத்தை மூளை, யோசனையின் துணையின்றி விரல்களே செய்யும் பழக்கமாக மாற்றி வைத்துக்கொள்கிறது; பொத்தானின் இடத்தை மாற்றுகிறவர் அந்தப் பழக்கம் முழுவதையும் ஒரே நாளில் பயனற்றதாக்கிவிடுகிறார். 2012-ல் விண்டோஸ் 8, திரையின் இடது மூலையில் பதினேழு ஆண்டுகள் இருந்த 'ஸ்டார்ட்' பொத்தானை நீக்கியது. ஜனங்களின் அதிருப்தியைக் கண்டு மறு ஆண்டே 8.1 பதிப்பில் அது திரும்பி வந்தது.

இத்தனைக்கும் நடுவில், மாறுதலை அஞ்சாமலும் அதற்கு அடிமையாகாமலும் ஏற்றுக்கொள்ளும் மார்க்கம் ஒன்று திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது என்பது பலர் கவனத்துக்கு வராத செய்தி. நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளுக்கான இயக்கத்தின் ஸ்தாபகரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் இந்நகருக்கு வந்து, அவ்வியக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். அக்காலத்தில் அரும்பிய, கேரள அரசின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம், நாளடைவில் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றி, 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக வளர்ந்து, பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் இரண்டாண்டுக்கு ஒரு முறை வெளியாகி ஐந்தாண்டு திருத்தங்கள் பெறுகிற நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்று உண்டு. கைட் அதை எடுத்துக்கொண்டு, பாடத்திட்டத்துக்கு வேண்டிய ஜியோஜீப்ரா முதலிய கணித, விஞ்ஞானக் கருவிகளையும் மலையாளத் தட்டச்சு வசதியையும் சேர்த்து, தன் பெயரில் பள்ளிகளுக்கு வழங்குகிறது. 2018-ஆம் ஆண்டு உபுண்டுவை ஆதாரமாகக் கொண்ட பதிப்பு 2019-லும், 2022-ஆம் ஆண்டுப் பதிப்பை ஆதாரமாகக் கொண்டது 2023-லும் வெளிவந்தன.

இந்த ஓராண்டு இடைவெளியில்தான் முழு விவேகமும் அடங்கியிருக்கிறது என்பேன். அதற்குள் மூலப் பதிப்பின் குறைகள் உலகமெங்கும் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டுவிடுகின்றன. இங்குள்ள பழைய கணினிகளில் அது ஓடுமா என்று பரீட்சித்துப் பார்க்க முடிகிறது. உபாத்தியாயர்கள் பயிற்சி பெற்ற பிறகே அது வகுப்பறைக்குள் வருகிறது. பழைய பதிப்பை வைத்திருக்கும் பள்ளிக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதுவரை நின்றுபோவதில்லை. ஓட்டையை அடைப்பது உடனே நடக்கிறது. புதுமை, ஏற்கிறவர்களின் சௌகரியத்துக்குக் காத்திருக்கிறது. தனி மனிதர் தம் போனில் இதைச் செய்ய இயலாமல் இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. ஆண்ட்ராய்டில் 2015 முதல் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் தனியே தொகுக்கப்படுகின்றன. 2019-ல் வந்த பத்தாம் பதிப்பு முதல், முக்கியமான சில உள்ளுறுப்புகளை முழுப் புதுப்பிப்பின்றியே திருத்த முடிகிறது. அவற்றை எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தாமதத்தில் வாடிக்கையாளரிடம் சேர்ப்பது என்பதே தயாரிப்பாளர்களின் மனத்தைப் பொறுத்ததாக இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தபோது, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள், 2017-க்கு முந்திய செயலியைக் கொண்டவை என்ற காரணத்தால், விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவையாக இருந்தன. லினக்ஸைப் போட்டால் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஆனால் வாங்கிய நாளில் இந்த முடிவு நாளை வாடிக்கையாளர்களுக்குச் சொன்னவர் யார்? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், வலையோடு இணையும் சாதனத்தைத் தயாரிக்கிறவர், பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தபட்சம் எந்த நாள் வரை கிடைக்கும் என்பதை அறிவித்தே தீர வேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல், ஒரு கைப்பேசி மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டுகள் புதுப்பிப்பு வழங்குவது கடமையாகியிருக்கிறது. நம் நாட்டிலும், சாதனங்களைப் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் தருவது பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நியமித்த குழு 2025-ல் அறிக்கை அளித்திருக்கிறது. மென்பொருள் புதுப்பிப்பும் அதன் அளவுகோல்களில் ஒன்று. அது சட்டமாகும் நாளில், மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுறும் தேதியைப் பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்திலேயே, விற்கப்படும் மாநிலத்தின் பாஷையில் அச்சிட வேண்டும் என்று கேட்க நமக்குப் பூரண உரிமை இருக்கிறது.