முக்குளிப்புத் திட்டமிடல்

முக்குளிப்புத் திட்டமிடல் என்பது, மூச்சுக்காற்றை உருளையில் சுமந்துகொண்டு நீருக்கடியில் செல்லும் ஸ்கூபா முக்குளிப்பாளர், இறங்கும் இடம், ஆழம், நேரம், தேவையான காற்று, மேலேறும் முறை ஆகியவற்றை இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வதாகும். கடுங்குளிர் நீரில் உடலே விரைவில் எச்சரித்துவிடும். தென் தமிழகம், இலங்கை ஆகியவற்றை ஒட்டிய வெதுவெதுப்பான கடல்களில் அவ்வெச்சரிக்கை தாமதமாகவே வரும். ஆகவே, எப்போது மேலேறுவது என்பதைக் கணக்கே சொல்ல வேண்டியுள்ளது.

முத்துக்குளிப்பு மரபு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோரும் திட்டமிட்டே இறங்கினர். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களே பெரும்பாலும் குளிப்புக் காலமாக இருந்தன. குளிப்பவர் கல்லின் எடையால் இறங்குவார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருந்து, சைகை கிடைத்ததும் மேலே இழுப்பார். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961 இல் நடைபெற்றது. மூச்சடக்குவது முத்துக்குளிப்பவரின் திறமை. உருளைக் காற்றைச் சுவாசிப்பவர் மேலேறும்போது மூச்சடக்கினாலோ, விரியும் காற்று நுரையீரலைக் கிழித்து உயிரைப் பறிக்கக்கூடும்.

காற்றுக் கணக்கு

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது. (முத்துச்சிப்பி வாழும் 'பார்' வேறு, அழுத்த அலகான பார் வேறு.) நீர்மட்டத்தில் 1 பார், 20 மீட்டரில் 3 பார். சுவாசிக்கும் காற்றின் செலவும் அதே மடங்கில் உயரும்.

200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் உருளையில் ஏறத்தாழ 2400 லிட்டர் காற்று இருக்கும். அவசரத் தேவைக்கென 50 பார், அதாவது 600 லிட்டர், ஒதுக்கினால் மிஞ்சுவது 1800 லிட்டர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவிடுபவருக்கு 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் தேவை. எனவே 30 நிமிடம் தங்கலாம் எனத் தோன்றும். ஆனால் மெதுவாக மேலேறவும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கவும் ஏறத்தாழ 170 லிட்டர் வேண்டும். இதைக் கழித்தால் இறங்கும் நேரம் உட்பட 27 நிமிடமே கிடைக்கும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் இதுவும் குறையும். இருவர் இணைந்து இறங்கும்போது, அதிகம் செலவிடுபவரின் அளவையே கணக்கில் கொள்வர்.

நைட்ரஜனும் வெப்பமும்

அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கலாம். நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் ஏறாதிருப்பது பொதுவான விதி. அடியில் உடல் வெப்பமாகவும், மேலேறும்போது குளிர்ந்தும் இருப்பது இந்நோயின் வாய்ப்பைக் கூட்டும் என அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு காட்டியுள்ளது. எனவே வெதுவெதுப்பான நீர் என்பதற்காக உடையைத் தவிர்த்து, இரண்டாம் மூன்றாம் முக்குளிப்பில் நடுங்கிக்கொண்டு ஏறுவது நல்லதல்ல. வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இறங்குவதும் தீங்கே. பலமுறை முக்குளித்தவர் வானூர்தியில் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை.

இடமும் பருவமும்

காரைக்குடி, தேவகோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களுக்கு அண்மையில் உள்ள கடல், தொண்டியை ஒட்டிய பாக்கு விரிகுடா. இதன் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் ஆழம் குறைந்தது. கடற்புல் நிறைந்த இக்கடல் எளிதில் கலங்கும். இங்குக் காற்றுக் கணக்கைவிட, துணைவரைக் கண்பார்வையிலிருந்து தவறவிடாமல் இருப்பதே முதன்மையாகிறது.

தெற்கே, 1986 இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் வனத்துறையின் அனுமதியின்றி இறங்க இயலாது. பவளத்தையோ கடலட்டையையோ எடுத்துவருவது 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை புறாத்தீவை ஒட்டிய கடல் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். அக்காலத்தில் தென்மேற்குக் கரை கொந்தளிக்கும். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய வானூர்திகள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. அங்கு மேற்கூறிய 1800 லிட்டர் காற்று 15 நிமிடம்கூடத் தாங்காது; ஏறும் வழியில் கட்டாயமாக நின்று செல்லவேண்டிய நேரத்துக்குத் தனியாகக் காற்று வேண்டும். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டரைத் தாண்டுவதால், தனிப்பயிற்சி பெற்றவர்களே அக்கப்பலுக்கு இறங்குகின்றனர்.