பில்டு ஆவதற்கு முன் ஓடிய ஒற்றை வரி
மென்பொருள் பிறக்கும் கதை – 9

கம்பைலரும் லிங்கரும் சென்ற இரண்டு வாரங்களில் வந்துபோயின. அவை இரண்டும் வேலையை முடித்தால் மென்பொருள் தயார் என்றுதான் கல்லூரிப் பாடம் சொல்கிறது. அலுவலகத்தில் கதை வேறு. உருவான டிஎல்எல் கோப்பை இன்னொரு ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்க வேண்டும். செட்டிங்ஸ் கோப்பை அதன் பக்கத்தில் போட வேண்டும். பதிப்பு எண்ணை எங்காவது எழுத வேண்டும். சில நிறுவனங்களில் டிஜிட்டல் கையெழுத்தும் இட வேண்டும். ஒரே நாளில் பத்து இருபது தடவை பில்டு, அதாவது நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலையைச் செய்கிற புரோகிராமர், இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் கையால் செய்தால் ஏதோ ஒரு தடவை நிச்சயம் மறப்பார்.

மறதி இந்தத் துறைக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் பில்டு கருவிகளின் தாயையே அதுதான் பெற்றெடுத்தது. 1970களின் நடுவில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், 'யாக்' கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒரு பிழையோடு மல்லுக்கட்டினார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டிருந்தார். திருத்திய கோப்பு மட்டும் மறுபடி கம்பைல் ஆகாமலே கிடந்தது. நொந்துபோய் சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் வந்து கொட்டித் தீர்த்தார். ஃபெல்ட்மனும் முந்தைய மாலை இதே தலைவலியில் மாட்டியிருந்தவர்தான். அந்த வார இறுதியிலேயே 'மேக்' உருவெடுத்தது. எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று பார்த்து, அதை நம்பியிருக்கும் கோப்புகளை மட்டும் மீண்டும் உருவாக்கும் அந்தக் கருவிக்காக, 2003இல் ஏசிஎம் அமைப்பு ஃபெல்ட்மனுக்கு விருது கொடுத்தது.

மேக்ரோ என்ற வசதியும் மேக்கில் இருந்தது. கம்பைலரின் பெயரை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் டாலர் குறி போட்டு அதன் சுருக்கப்பெயரால் அழைத்தால் போதும். நாளை கம்பைலர் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ இதையே மவுஸுக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்தது. ப்ராஜெக்டின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'பில்டு ஈவென்ட்ஸ்' என்றொரு பகுதி உண்டு. கம்பைல் தொடங்கும் முன் ஓடுவது 'ப்ரீ-பில்டு'. எல்லாம் முடிந்த பின் ஓடுவது 'போஸ்ட்-பில்டு'. சி++ என்றால் நடுவில் 'ப்ரீ-லிங்க்' என்று இன்னொன்றும் வரும். கம்மாண்ட் ப்ராம்ப்ட்டில் அடிக்கக்கூடிய எந்தக் கட்டளையையும் இந்தப் பெட்டிகளில் எழுதலாம். எந்தக் கட்டளையையும் என்பது பின்னால் முக்கியமாகப் போகிறது.

கோப்பு இருக்கும் பாதையை முழுசாக எழுதினால், ஒருவர் கணினியில் ஓடுவது பக்கத்து இருக்கைக்காரரின் கணினியில் ஓடாது. ஒருவரது ப்ராஜெக்ட் சி டிரைவில் இருக்கும், இன்னொருவரது டி டிரைவில் இருக்கும். அதற்குத்தான் மேக்ரோ. 'சொல்யூஷன்டிர்' என்று டாலர் குறியோடு அடைப்புக்குறிக்குள் எழுதினால், அந்தந்தக் கணினியில் சொல்யூஷன் எங்கே இருக்கிறதோ அந்த ஃபோல்டர் அங்கே வந்து உட்காரும். 'டார்கெட்டிர்' என்றால் விளைபொருள் வந்து சேரும் ஃபோல்டர். 'டார்கெட்பாத்' என்றால் அந்தக் கோப்பின் முழுப் பாதை. 'கான்ஃபிகரேஷன்நேம்' என்றால் இப்போது நடப்பது டீபக் பில்டா, ரிலீஸ் பில்டா என்பது.

சொல்லும்போது சுலபம்தான். நடைமுறையில் இதில் இடறி விழாத புரோகிராமர் அபூர்வம். விண்டோஸின் 'ரோபோகாப்பி' கட்டளையை எடுத்துக்கொள்ளலாம். போஸ்ட்-பில்டில் அதைக் கொடுத்துக் கோப்புகளை நகலெடுக்கச் சொன்னால், அது சமர்த்தாக எடுத்து முடித்துவிடும். ஆனாலும் பில்டு தோற்றதாகச் சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். காரணம், ஒரு கட்டளை 0 என்ற எண்ணோடு முடிந்தால்தான் விஷுவல் ஸ்டுடியோவுக்கு அது வெற்றி. ரோபோகாப்பியின் அகராதியில் 1 என்றால் கோப்புகள் நல்லபடியாக நகலாகிவிட்டன என்று பொருள். 8ஐத் தொட்டால்தான் அதற்குத் தோல்வி. ஆகவே கட்டளைக்குக் கீழே இன்னொரு வரி எழுதி, 8க்குக் குறைவான எண் வந்தால் 0 என்று திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த பொறி இதைவிட நுணுக்கமானது. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் பாதையை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'டார்கெட்டிர்' மேக்ரோவின் மதிப்பு எப்போதும் பின்சாய்கோட்டில்தான் முடியும். அதையொட்டி மேற்கோள் குறி வந்தால், அந்தச் சாய்கோடு மேற்கோளைச் செல்லாததாக்கிவிடும். ரோபோகாப்பி போன்ற கருவிகள், அடுத்து வரும் பாதையையும் சேர்த்து ஒரே பாதையாக விழுங்கிவிட்டு, அப்படியொரு ஃபோல்டரே இல்லை என்று கைவிரிக்கும். மேற்கோளுக்கு முன் ஒரு புள்ளியைச் சேர்த்தால் சரியாகிவிடும். இந்தப் புள்ளி ரகசியத்தைத் தானாகக் கண்டுபிடித்தவர்களைவிட, சீனியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களே அதிகம் இருப்பார்கள்.

இவையெல்லாம் எரிச்சலோடு போகிற விவகாரங்கள். 2021 ஜனவரியில் வெளிவந்தது அந்த ரகமல்ல.

அந்த மாதம் 25ஆம் தேதி, கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. மென்பொருள்களில் ஓட்டை தேடிக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு ஆய்வாளர்களையே சிலர் குறிவைத்திருக்கிறார்கள் என்றது. காவல்காரர் வீட்டிலேயே கன்னம் வைத்த கதை. பின்னணியில் இருப்பது வட கொரிய அரசின் ஆதரவு பெற்ற குழு என்று கூகுள் சொன்னது. மூன்று நாள் கழித்து மைக்ரோசாஃப்டும் தன் விவரங்களை வெளியிட்டு, அந்தக் குழுவை 'ஜிங்க்' என்று பெயரிட்டுக் குறிப்பிட்டது.

வலை பொறுமையாகப் பின்னப்பட்டது. ட்விட்டரில் ஆய்வாளர்கள் போலக் கணக்குகள் முளைத்தன. தொழில்நுட்பக் கட்டுரைகள் வந்தன. விண்டோஸ் டிஃபெண்டரில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்திக் காட்டுவதாக யூடியூபில் ஒரு வீடியோ போட்டார்கள். பார்த்தவர்கள் அது போலி என்று சொன்னதும், இன்னொரு போலிக் கணக்கு வந்து நிஜம்தான் என்று வக்காலத்து வாங்கியது. இப்படிப் பேர் சம்பாதித்த பிறகு, நிஜ ஆய்வாளர்களிடம் பேச்சுக் கொடுத்து, சேர்ந்து ஆராயலாமா என்று கேட்டார்கள். சம்மதித்தவருக்கு ஒரு விஷுவல் ஸ்டுடியோ ப்ராஜெக்ட் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் சி++ நிரல் இருந்தது. ஓட்டையைப் பற்றியது என்று சொன்னார்களே, அதே நிரல். ஆய்வாளர் வரி வரியாகப் படித்திருந்தாலும் சந்தேகப்பட அதில் எதுவும் இல்லை. விஷம் இருந்தது ப்ரீ-பில்டு ஈவென்ட்டில்.

அந்த ஒற்றை வரியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. முதலில் பவர்ஷெல்லைக் கூப்பிடுகிறது, அதன் ஜன்னல் திரையில் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு. பிறகு மூன்று விஷயங்களைச் சரிபார்க்கிறது. விண்டோஸ் 10தானா? 64 பிட்தானா? டீபக் ஃபோல்டருக்குள் 'பிரவுஸ்.விசி.டிபி' என்ற கோப்பு இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் 'ரன்டிஎல்எல்32' மூலம் அந்தக் கோப்பை ஓடவிடுகிறது. விஷுவல் ஸ்டுடியோவே தன் உபயோகத்துக்கு உருவாக்கிக்கொள்ளும் தரவுக் கோப்பின் பெயர் அது. சி++ எழுதுபவர்கள் தினமும் பார்த்துப் பழகி, பார்க்காமலே கடந்துபோகும் பெயர். இங்கே அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தது ஒரு டிஎல்எல்.

ப்ரீ-பில்டு என்பதால், நிரல் கம்பைல் ஆக வேண்டிய அவசியம்கூட இல்லை. பில்டு தொடங்கிய கணமே வரி ஓடிவிடும். உருவான மென்பொருளை ஓட்டிப் பார்க்கப் போவதில்லை, கம்பைல் ஆகிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று ஜாக்கிரதையாக இருந்தவருக்கும் அதே கதிதான். இத்தனைக்கும் இதில் விஷுவல் ஸ்டுடியோவின் ஓட்டை எதுவும் பயன்படவில்லை. கட்டளை எழுதக் கொடுத்த பெட்டியில் கட்டளை எழுதியிருந்தார்கள், அவ்வளவே.

மேக்ரோவும் இந்த வில்லத்தனத்துக்குத் தப்பவில்லை. 2024 மார்ச் 29 அன்று, மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், லினக்ஸில் பரவலாகப் பயன்படும் 'எக்ஸ்இசட்' கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பதை அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய அரை விநாடி கூடுதலாகப் பிடித்ததுதான் அவரைத் தோண்ட வைத்தது. எல்லோரும் பார்க்கக்கூடிய கிட் களஞ்சியத்தில் இருந்தவை, சோதனைக்கானவை போலத் தோன்றிய சுருக்கப்பட்ட கோப்புகள். அவற்றைப் பிரித்து பில்டுக்குள் இழுத்துவிடும் வேலையைச் செய்தது ஒரு எம்4 மேக்ரோ கோப்பு. அதன் திருத்தப்பட்ட வடிவம் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. மூல நிரலைப் பலர் படிப்பார்கள், பில்டு கோப்பை யாரும் படிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டவர்களின் வேலை இது. கணக்கு ஏறக்குறைய பலித்தும் விட்டது.

கருவி செய்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. விஷுவல் ஸ்டுடியோ கோட் 2021 முதல், புதிய ஃபோல்டரைத் திறந்ததும் இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று கேட்கிறது. கேள்வி நல்ல கேள்விதான். படிக்காமலே ஆம் என்று தட்டும் விரல்களுக்கு அது இன்னொரு பொத்தான்.

முன்பின் தெரியாதவரிடமிருந்து ஒரு ப்ராஜெக்ட் வந்தால், அதை விஷுவல் ஸ்டுடியோவில் திறக்கும் முன் ப்ராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அது வெறும் எக்ஸ்எம்எல்தான், படிக்கலாம். 'ப்ரீபில்டுஈவென்ட்', 'போஸ்ட்பில்டுஈவென்ட்', 'எக்ஸெக்' என்ற சொற்களைத் தேடுங்கள். எக்ஸ்கோடு என்றால் 'ரன் ஸ்கிரிப்ட்' பகுதியையும், என்பிஎம் என்றால் பேக்கேஜ் கோப்பில் 'ப்ரீஇன்ஸ்டால்', 'போஸ்ட்இன்ஸ்டால்' வரிகளையும் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோவில் ப்ராஜெக்டைத் திறந்தாலே பில்டின் சில பகுதிகள் பின்னணியில் ஓடும் என்பதால், பொத்தானை அழுத்தவில்லையே என்ற சமாதானம் செல்லாது. சந்தேகம் தீராவிட்டால் விர்ச்சுவல் மெஷினில் போட்டுத் திறவுங்கள். வங்கிக் கணக்கும் வேலைக் கோப்புகளும் உள்ள கணினியில் வேண்டாம்.

(தொடரும்)