ஆர்.சி. பள்ளிக்கூடமும் கான்வென்ட்டும்

சென்ற மாதம் ஊரிலிருந்து என் தம்பி மகன் தொலைபேசியில் பேசினான். நலம் விசாரித்து முடித்தபின் சற்றுத் தயங்கினான். "பெரியப்பா, பாப்பாவை ஆர்.சி. பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து டவுனில் இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்கலாம்னு இருக்கோம். வேன் வீட்டு வாசலுக்கே வருது. நீங்க என்ன சொல்லுதிய?" என்றான்.

"அங்கேயே படிக்கட்டுமே, நானும் உங்க அப்பனும் படிச்ச இடம்தானே" என்றேன்.

"உங்க பேரன் மட்டும் பாண்டுப்பில் கான்வென்ட்டில் படிக்கான். எம் பிள்ளை மட்டும் ஓட்டுக் கட்டிடத்துல இருக்கணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டான். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள்தாம். ஒன்றைக் 'கான்வென்ட்' என்று மரியாதையோடு சொல்கிறோம். மற்றதைச் 'சாமியார் பள்ளிக்கூடம்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம்மவர்களில் பலர், எந்த மதத்தவராயினும், இப்படியொரு சிறிய பள்ளியில்தான் ஆனா ஆவன்னா எழுதியிருப்பீர்கள். அந்தப் பள்ளி எப்படி நடந்தது, இன்று எப்படி நடக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடற்கரையில் தொடங்கிய பாடம்

புனித சவேரியார் 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் எழுதச் செய்து மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை நன்கு கற்று, 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலை 1578இல் கொல்லத்தில் அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. ஆக, அந்தக் கடற்கரையில் வேதம் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டது.

புதுச்சேரியில் 1844இல் துயிபுய் அடிகளார் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் குழந்தைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே அச்சபையின் முதல் வேலை. பெண்பிள்ளை படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்று பலர் நம்பிய காலம் அது. கன்னியர் மடத்துக்குத்தான் ஆங்கிலத்தில் கான்வென்ட் என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் ஆங்கில மீடியத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பம்பாய் போன்ற நகரங்களில் கொங்கணி, மராத்தி, தமிழ், மலையாளம் என்று பல மொழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்ததால் ஆங்கிலம் பொதுமொழியாயிற்று. நாளடைவில் ஒரு கன்னியாஸ்திரீகூட இல்லாத பள்ளியும் 'கான்வென்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டது!

ஒரே கூடம், ஐந்து வகுப்பு

நான் 1961இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். திருச்செந்தூர் தாலுகாவில் ஒரு சிற்றூர். அன்று அது திருநெல்வேலி மாவட்டம். 1986இல்தான் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரிந்தது. கோயிலை ஒட்டி ஓட்டுக் கட்டிடம். நடுவில் சுவர் கிடையாது. ஐந்து வகுப்புக்கும் மூன்று ஆசிரியர்கள்.

ஒருவர் எப்படி இரண்டு வகுப்பைச் சமாளித்தார் என்று என் பேரன் கேட்கிறான். வழி இருந்தது. வாத்தியார் நான்காம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பார். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஓர் எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். பிறகு தரையில் பரப்பிய மணலில் நாங்கள் விரலால் எழுதுவோம். பெரிய வகுப்புச் சட்டாம்பிள்ளை வந்து, எங்கள் விரலைப் பிடித்துத் திருத்துவான். மணலில் தேறியவனுக்குத்தான் சிலேட்டு. சிலேட்டை அழிக்கக் கோவை இலை. வெள்ளிக்கிழமை மாலை, ஊமத்தை இலையையும் கரியையும் அரைத்துக் கரும்பலகையில் பூசுவது ஐந்தாம் வகுப்பின் பொறுப்பு. பள்ளி விடும் முன் எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்போம். இரண்டாம் வகுப்புப் பையன் ஐந்தாம் வகுப்புப் பாடத்தையும் காதில் வாங்கிக்கொண்டே வளர்ந்தான்.

இது ஏழைப் பள்ளிக்கூடத்தின் ஒப்பேற்றல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பின்னர் ஒரு செய்தியைப் படித்து வியந்தேன். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றை 1789 முதல் நடத்தி வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதையே தம் பள்ளியிலும் கொண்டுவந்து, பெரிய மாணவன் சிறியவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து நடத்தினார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறிய கதை இது!

சம்பளம் யார் கொடுத்தார்?

இந்தப் பள்ளிகளைச் 'சாமியார் பள்ளி' என்று சொன்னாலும், ஆசிரியருக்குச் சம்பளப் பணம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்பது 1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையிலிருந்து வந்த ஏற்பாடு. அதனால்தான் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று பலகையில் எழுதியிருக்கும். நிலமும் கட்டிடமும் நிர்வாகமும் மறைமாவட்டத்தின் பொறுப்பு அல்லது கன்னியர் சபையின் பொறுப்பு. அவர்கள் சார்பில் கையெழுத்திடுபவர் தாளாளர். பாடப்புத்தகம் அரசாங்கப் புத்தகம்தான். டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே பள்ளி பரபரக்கும். வருகைப் பதிவேட்டில் குறை கண்டால் மானியத்துக்கே ஆபத்து அல்லவா?

மதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு இந்து வீடு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது எங்களுக்கு நீதிபோதனை. நண்பகல் கோயில் மணி அடித்தால் அவர்கள் எழுந்து திரிகால ஜெபம் சொல்வார்கள். எங்களுக்கு அது சாப்பாட்டு மணி. அரசு மானியம் பெறும் பள்ளியில் சமய போதனைக்கு எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. மதத்தையோ சாதியையோ காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 29ஆம் பிரிவு. சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமை 30ஆம் பிரிவு. இவை எதுவும் எங்கள் அப்பாவுக்குத் தெரியாது. "உன் பிள்ளையை அனுப்பு" என்று டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள், அனுப்பினார். அவ்வளவுதான்.

சோறும் பாடமும்

காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு தொடங்கியது. அதனால்தான் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் பக்கம் வந்தார்கள். அறுபதுகளில் அமெரிக்காவின் கேர் நிறுவனம் அனுப்பிய பால் பவுடரும் மக்காச்சோள மாவும் எங்களுக்குக் கிடைத்தன. அந்த உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது.

இப்போது காலையிலும் உணவு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே இருந்தது. சம்பளம் அரசுடையது, பாடம் அரசுடையது, ஆனால் சாமியார் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் காலைச் சாப்பாடு இல்லை என்ற குறை எழுந்தது. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று, கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. அதைத் தொடங்கிய இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் தொடங்கினார்கள். இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள் என்பது குறிப்பிடத்தக்கது.

எண்ணிக்கை என்னும் கத்தி

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும். ஆசிரியர் குறைந்தால் பெற்றோருக்கு நம்பிக்கை போகும். இன்னும் நான்கு பிள்ளைகள் வேன் ஏறுவார்கள். கடைசியில் பள்ளிக்குப் பூட்டு.

என் தம்பி மகனைக் குறை சொல்லவந்த எனக்கு, இந்த இடத்தில்தான் குத்தியது. எங்கள் தெருவிலிருந்து பிழைப்புக்காக முதலில் போனவர்களில் நானும் ஒருவன். 1975இல் நான் பாண்டுப் வந்தேன். என் மக்கள் அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. என்னைப் போல் தெருவுக்குப் பத்துப் பேர் மும்பை, சூரத், சென்னை என்று கிளம்பினோம். பள்ளியில் பிள்ளை குறைந்ததற்கு வேனுக்கு முன்பே நாங்கள் காரணம்.

அந்தப் பள்ளி எனக்கு என்ன தந்தது? ஆங்கிலம் தரவில்லை, அதை மறைக்க மாட்டேன். இங்கு வந்து வேலைக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் அடுத்தவரிடம் பேனாவை நீட்டிய வெட்கம் இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஒரு மொழியைத் தடுமாறாமல் படிக்கத் தந்தது. பாண்டுப் ஸ்டேஷன் பெயர்ப் பலகையையும் கடைப் பலகைகளையும் எழுத்துக்கூட்டியே மூன்று மாதத்தில் மராத்தி எழுத்தைப் பிடித்துவிட்டேன். எழுத்து என்றால் என்ன, அதைச் சேர்த்தால் எப்படிச் சொல்லாகும் என்பது மணலிலேயே விரலில் ஏறியிருந்தது. தாய்மொழியில் தொடங்கினால் மற்ற மொழிகள் எளிதாகும் என்று யுனெஸ்கோ 1953லேயே சொன்னது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையும் இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் பாடம் வேண்டும் என்கிறது.

போன மே மாதம் ஊருக்குப் போனபோது திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். எந்தப் பஸ் என்று என் பேரன் திகைத்து நின்றான். அவன் நான்காம் வகுப்பு. எங்களை அழைத்துப்போக வந்திருந்த தம்பி பேத்தி, இரண்டாம் வகுப்பு, தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டை உரக்கப் படித்துவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். என் பேரன் கெட்டிக்காரன். ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும் படிப்பான். ஆனாலும் அவன் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

நான் சொன்ன பதில்

மறுவாரம் நானே தம்பி மகனுக்குப் போன் செய்தேன். "எந்தப் பள்ளி என்று நீ முடிவு செய். ஆனால் நாலு கேள்வி கேட்டுவிட்டுச் செய். இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைத் தானே படித்துப் பொருள் சொல்கிறதா? ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை? அந்த டீச்சர் அடுத்த வருஷமும் இருப்பாரா? பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? இங்கிலீஷ் என்றால், ஆர்.சி. பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அது ஒரு பாடமாக இருக்கிறது" என்றேன்.

அவன் இரண்டு பள்ளிக்கும் போய்க் கேட்டிருக்கிறான். "இந்த வருஷம் இங்கேயே இருக்கட்டும் பெரியப்பா. மூணாம் வகுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்றான். அடுத்த வருஷம் என்ன செய்வானோ, அது அவன் பாடு.

இங்கே என் பங்குக்கு, தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி ஞாயிறுதோறும் பேரனுக்கு இரண்டு எழுத்து எழுதிக் காட்டுகிறேன். முதலில் சிரித்தான். இப்போது அவனே தாம்பாளத்தை எடுத்து வருகிறான். கான்வென்ட்டில் படிப்பது தவறில்லை. வீட்டில் தமிழ் எழுத்தே இல்லாமல் போவதுதான் தவறு.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் ஊருக்குப் போவது மே மாதத்தில். அப்போது பள்ளி பூட்டியிருக்கும். பூட்டிய பள்ளியைப் பார்த்துவிட்டு 'எல்லாம் போயிற்று' என்று பேசிக்கொண்டு திரும்பி விடுகிறோம். தமிழ்நாட்டில் பள்ளிகள் பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தில் திறக்கின்றன. மும்பையில் ஜூன் நடுவில்தான். இடையில் கிடைக்கும் அந்தச் சில நாட்களில், உங்கள் பிள்ளைகளைக் கையோடு அழைத்துக்கொண்டு நீங்கள் படித்த பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியையைப் பார்த்து என்ன தேவை என்று கேளுங்கள். கதைப் புத்தகமாக இருக்கலாம், குடிநீர்த் தொட்டியாக இருக்கலாம். முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால், ஊரில் பிள்ளை வைத்திருக்கும் உங்கள் உறவினரிடம் அந்தப் பள்ளியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அதற்குப் பணம் செலவாகாது.