அமுக்கு பொத்தானும் தொடுதிரையும்



முகப்புக்குத் திரும்புதல், ஒரு படி பின்செல்லுதல், திறந்துள்ளவற்றுள் ஒன்றைவிட்டு வேறொன்றுக்கு மாறுதல் ஆகிய மூன்றும் கைத்தொலைபேசியை ஆள்வோர்க்கு இன்றியமையாத செயல்கள். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஐபோனில், திரையின் கீழ் வட்டமான முகப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. 2011இல் அண்ட்ரொயிட் 4.0 உடன் வந்த கலக்ஸி நெக்சஸ் கருவியில் இம்மூன்றும் திரையினுள்ளே குறிகளாயின. 2017இல் ஐபோன் எக்ஸ் முகப்புப் பொத்தானையே நீக்கியது. விரலை மேல்நோக்கி இழுத்தலே வழியாயிற்று. 2019இல் அண்ட்ரொயிட் 10 கருவிகளுக்கும் இத்தகைய விரலிழுப்பு முறை வந்தது.

இதனால் திரை அகன்றது. தேயும் உறுப்பொன்று குறைந்தது. நீரும் தூசியும் புகும் இடுக்கும் குறைந்தது. இந்நன்மைகள் மறுக்கற்பாலன அல்ல. ஆயினும், இம்மாற்றம் எல்லார் கைக்கும் ஒருபடித்தாய் இசைவதன்று.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். அங்கே மழை மிகுதி. கொழுந்து பறிப்போரின் விரல் நனைந்தும் காய்த்தும் இருக்கும். றப்பர்ப் பால் வெட்டுவோரின் விரலிலோ பால் உலர்ந்து படலமாய் ஒட்டியிருக்கும். தொடுதிரை அழுத்தத்தை அறிவதன்று. விரல் மின்னைக் கடத்துவதால், தொட்ட இடத்தில் மின்னேற்றம் சிறிது மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டே கருவி இடமறிகிறது. நீரும் மின்னைக் கடத்துமாதலின், திரைமேல் விழுந்த மழைத்துளியையும் கருவி விரலென மயங்கக்கூடும். உலர்ந்த றப்பரோ மின் கடத்தாப் பொருள். படலம் தடித்தால் விரலின் தொடுகை மங்கும். அமுக்கு பொத்தானுக்கு இம்மயக்கம் இல்லை, இருளிலும் தடவியறியலாம். ஆனால், பால் அதன் இடுக்கில் உறைந்தால் அதுவும் இறுகிப்போகும்.

இது வசதி பற்றிய வினா மட்டுமன்று. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மண்சரிவு வீடுகளை மூடியது. அத்தகைய மழைப்பொழுதில் ஓர் அழைப்பு உயிர் காக்கும். அப்பொழுது திரை பணியாவிடில் என் செய்வது?

செய்யத்தக்கவை இரண்டு உள. முதலாவது, விரலிழுப்பில் தடுமாறும் முதியோரின் அண்ட்ரொயிட் கருவியில், அமைப்புகள் பகுதிக்குச் சென்று மூன்று பொத்தான் முறையைத் தெரிவு செய்து கொடுங்கள். கண்ணுக்குத் தெரியும் குறி, காணாத வழியினும் எளிதில் மனத்திற் பதியும்.

இரண்டாவது, பக்கவாட்டு மின்பொத்தான் இன்றும் எஞ்சியிருக்கிறது. பல அண்ட்ரொயிட் கருவிகளில் அதனை ஐந்து முறை விரைந்து அமுக்கினால் அவசர அழைப்பு எழும். இவ்வசதியை முன்னரே இயக்கி, அது எவ்வெண்ணை அழைக்கும் என்பதையும் பார்த்து வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் எண் 1990. இவ்விரண்டையும் லயத்துச் சிறுவர் முதல் முதியோர்வரை யாவரும் மனத்திலும் இருத்துதல் வேண்டும்.