சைலன்சரும் ஜன்னலோரக் காதும்

ஏழெட்டு ஆண்டுகள் ஓடித் தேய்ந்த சரக்கு லாரிக்கு மாற்றுச் சைலன்சர் வாங்கும்போது விலை, மைலேஜ், உடனே கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளே பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. அந்தச் சைலன்சருக்குச் சில அடி தொலைவில் பகலும் இரவும் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் செவி நான்காவது கேள்வியாகக்கூட எழுவதில்லை. லாரித் தொழிலையே நம்பி வளர்ந்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்திலும் நிலைமை இதுவே. வாகன நிறுவனத்தின் அசல் பொருள், உதிரிபாகக் கடையில் கிடைக்கும் மாற்றுப் பொருள், வெல்டிங் பட்டறையில் தகட்டை உருட்டிச் செய்து தரப்படும் உருளை என மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை விலையைத் தவிர வேறெதுவும் வாங்குபவருக்குச் சொல்வதில்லை.

புகைக்குழாயில் எழும் இரைச்சல் இரு வேறு இயல்புகளைக் கொண்டது. எஞ்சினின் வெளியேற்று வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மிகுந்த எரிந்த வாயு ஒரு துடிப்பாகக் குழாய்க்குள் பாய்கிறது. ஆறு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு டீசல் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று துடிப்புகளைத் தருவதால், நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 75 துடிப்புகள், அதாவது 75 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி பிறக்கிறது. இதுவே நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கேட்கும் உறுமல். இதற்கு மேலாக, வாயு குறுகிய வழிகளில் விரைந்து பாய்வதாலும் விளிம்புகளில் மோதிச் சுழல்வதாலும் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை பரவும் சீறல் எழுகிறது. உறுமலை அடக்கும் வழி வேறு, சீறலை அடக்கும் வழி வேறு.

சீறலை அடக்குவது எளிது. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையையோ வெப்பம் தாங்கும் பிற இழையையோ திணித்து வைத்தால் ஒலியின் ஆற்றல் அந்த இழைகளுக்கிடையே உராய்ந்து வெப்பமாகிவிடும். இது உறிஞ்சு வகைச் சைலன்சர் எனப்படும். உறுமலுக்கோ இந்த இழை போதாது. உருளையைப் பல அறைகளாகத் தடுத்து, ஒலி அலை ஓர் அறையின் சுவரில் பட்டுத் திரும்பி, பின்னால் வரும் அலையை எதிர்கொண்டு அழிக்குமாறு அமைக்க வேண்டும். இது அறை வகை. காலிப் புட்டியின் வாயில் ஊதும்போது ஒரு குறிப்பிட்ட ஒலி மட்டும் எழுவதைப் போல, கழுத்தும் வயிறும் கொண்ட பக்க அறை ஒன்று தனக்கே உரிய அதிர்வெண்ணை மட்டும் பிடித்து அடக்கும் என்பதை விளக்கிய 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயராலேயே அவ்வகை அறைகள் இன்றும் வழங்குகின்றன. சிக்கல் என்னவென்றால், உறுமலின் அலை மிக நீளமானது: 400 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள வாயுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 520 மீட்டர் செல்லும், அதில் 75 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டரை நெருங்கும், அதன் கால் பங்கு நீளத்தில் அமைக்கப்படும் மூடிய கிளைக்குழாய்க்குக்கூட ஒன்றேமுக்கால் மீட்டர் தேவைப்படும். ஆகவே உறுமலை அடக்க இடம் வேண்டும், கொள்ளளவு வேண்டும். எஞ்சின் கொள்ளளவைப்போல் பல மடங்கு பெரிய உருளையை வாகன நிறுவனம் சேசிஸில் தொங்கவிடுவதன் காரணம் இதுதான். அதை எடுத்துவிட்டுப் பாதி பருமனுள்ள நேர்க்குழாய் உருளையை மாட்டினால் இழை புதிதாக இருக்கும்வரை சீறல் அடங்கியிருக்கும், உறுமல் முதல் நாளிலிருந்தே கூடிவிடும். இழை எரிந்தும் உதிர்ந்தும் போன பின் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

மாற்றுச் சைலன்சரின் தரத்தைச் சொல்ல இரண்டு அளவுகள் போதும். சைலன்சர் இல்லாத வெறுங்குழாயோடும் சைலன்சரோடும் ஒரே இடத்தில் அளந்த இரைச்சல் மட்டங்களின் வேறுபாடு முதலாவது. இதனைப் பொருத்தல் இழப்பு என்று சொல்லலாம். வாயு வெளியேறச் சைலன்சர் தரும் தடையால் எஞ்சின் பக்கம் தேங்கும் பின்னழுத்தம் இரண்டாவது. எஞ்சின் தயாரிப்பாளர் வகுத்த வரம்பைப் பின்னழுத்தம் தாண்டினால் வாயுவின் வெப்பம் ஏறும், கரும்புகை வரும், டீசல் செலவு கூடும் என்பது உண்மையே. இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான், தடையைக் குறைத்தால் மைலேஜ் கூடும், எஞ்சின் ஒலி தெளிவாகக் கேட்டால்தான் கியர் மாற்ற முடியும் என்று வாதிடுவோரும் இருக்கின்றனர். வரம்புக்குள் இருக்கும் பின்னழுத்தத்தை மேலும் குறைப்பதால் வரும் லாபம், டயரில் சரியான காற்று இருப்பதாலும் சீரான வேகத்தாலும் வரும் லாபத்துக்கு முன் மிகச் சிறியது. கியர் மாற்ற வேண்டிய சுற்றுவேகத்தைக் காட்ட டேஷ்போர்டில் முள் இருக்கிறது. டர்போசார்ஜர் உள்ள லாரியில் அதன் சுழலியே வாயுத்துடிப்பின் ஆற்றலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால் சைலன்சரின் வேலை ஓரளவு முன்னதாகவே முடிந்துவிடுகிறது. எனவே அத்தகைய லாரியில் கூடுதல் தடையின்றியே நல்ல அமைதியைப் பெற இயலும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 தரத்து லாரிகளை இந்தப் பேச்சிலிருந்து விலக்கிவிட வேண்டும். அவற்றில் புகைத்துகள் வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்கும் வினையூக்கியும் இரைச்சலையும் சேர்த்தே அடக்குகின்றன. அவை அடங்கிய பெட்டியில் கை வைத்தால் உமிழ்வுக் கட்டுப்பாடே குலையும்.

பழைய லாரிகளில் இரைச்சல் கூடியதும் பழி சைலன்சர்மீதே விழுகிறது. பல நேரங்களில் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. மேனிஃபோல்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள பேக்கிங் எரிந்து போயிருக்கலாம், எஞ்சினின் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் மடிப்புக்குழாய் வெடித்திருக்கலாம், குழாயைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் இற்றுப்போய் உருளை நேரடியாகச் சேசிஸைத் தொட்டு அதிர்வைக் கேபினுக்குள் கடத்திக்கொண்டிருக்கலாம். பேக்கிங்கின் மெல்லிய கசிவு கேபினுக்கு நேர் கீழே சீறுவதால், அதனை விட்டுவிட்டு எத்தனை விலையுயர்ந்த சைலன்சரை மாட்டினாலும் ஓட்டுநருக்குப் பயன் இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில், அதன் தடுப்பிதழுக்கு முன்னால் இருக்கும் கசிவு, தொப்பூர் போன்ற இறக்கங்களில் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் ஆற்றலையும் குறைத்துவிடும்.

இனி, குழாயின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்ற கேள்வி. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 112ஆம் விதிப்படி, எஞ்சின் புகை கீழ்நோக்கியோ வாகனத்தின் இடப்பக்கமோ வெளியேறக் கூடாது. பின்புறமோ வலப்புறமோதான் வெளியேற வேண்டும். நடைபாதையும் பேருந்து நிறுத்தமும் சாலையின் இடப்பக்கம் இருப்பதால் பாதசாரியைக் காக்கும் நோக்கில் இந்த விதி முற்றிலும் நியாயமானது. ஆனால் இந்திய லாரியில் ஓட்டுநர் அமர்வதும் வலப்பக்கமே. குளிர்சாதனம் இல்லாத கேபினில் கோடையில் ஜன்னலை ஏற்றி வைக்க முடியாது என்பதால், வலப்பக்கம் முன்புறமாகவே முடியும் குழாயின் இரைச்சல் திறந்த ஜன்னல் வழியாக ஓட்டுநரின் வலக் காதை நேரே அடைகிறது. வாகன இரைச்சலை அளக்கும் முறையோ, ஓடும் பாதையின் மையக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி ஒலிவாங்கியை வைக்கிறது. வீதியில் நிற்பவருக்கு அளவுகோல் உண்டு; இருக்கையில் அமர்ந்திருப்பவரின் காதருகே அளக்க யாரும் வருவதில்லை.

இந்த அலட்சியத்தின் விளைவு கணக்கில் தெளிவாகத் தெரியும். டெசிபல் என்பது மடக்கை அளவு. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். அமெரிக்காவின் தேசியப் பணிசார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அனுமதி நேரம் பாதியாகக் குறைவதால், 88 டெசிபலில் 4 மணி நேரமும் 91 டெசிபலில் 2 மணி நேரமும் மட்டுமே பாதுகாப்பானவை. தொலைதூர வண்டிகளில் நாளொன்றுக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்க 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இடம் தந்தது. கேபினில் 91 டெசிபல் இரைச்சல் இருக்குமானால், அந்த 10 மணி நேரத்தில் ஓட்டுநர் பெறுவது அனுமதித்த அளவைப்போல் ஐந்து மடங்கு. உட்செவியின் நத்தை எலும்புக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனித உடலில் மீண்டும் முளைப்பதில்லை. இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் தொடங்குவதால், பாதிக்கப்பட்டவருக்கு ஹாரனும் எஞ்சினும் முன்போலவே கேட்கும். ச, ஸ, ஷ போன்ற உரசொலிகள்தான் மங்கும். பேச்சு கேட்கிறது, சொல் புரியவில்லை என்ற நிலையில் வீட்டில் தொலைக்காட்சியின் ஒலி கூட்டப்படுவதே முதல் அறிகுறியாக இருக்கும். அதை யாரும் சைலன்சரோடு சேர்த்து நினைப்பதில்லை.

உறுமலின் கதை வேறு. மனிதக் காதின் உணர்திறனுக்கேற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து மதிப்பிடும் ‘ஏ’ எடையிடல் என்ற முறையில் அளவிகள் இயங்குகின்றன. 63 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து அவை 26 டெசிபலைக் கழித்துவிடும். செவிப்புலன் இழப்பைக் கணிக்க இது சரியான முறையே என்றாலும், இரவு முழுவதும் இருக்கையையும் நெஞ்சையும் அதிரவைத்துச் சோர்வூட்டும் உறுமல் அளவியின் திரையில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அளவி நல்ல எண்ணைக் காட்டியும் கேபினில் உட்கார முடியவில்லை என்று ஓட்டுநர் முறையிட்டால், பிழை ஓட்டுநரிடம் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. ‘சி’ எடையிடலில் மீண்டும் அளந்து பார்த்தால் உறுமல் வெளிப்பட்டுவிடும்.

தொழிற்சாலையில் இரைச்சலால் ஏற்படும் செவிப்புலன் இழப்பை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. லாரியின் கேபின் தொழிற்சாலை ஆகாது. ஓட்டுநர் உரிமத்துக்கான மருத்துவச் சான்றான 1-ஏ படிவம், வழக்கமான ஒலிக் குறிப்புகளைக் கேட்க முடியாத அளவுக்குக் காது மந்தமா என்று மட்டுமே கேட்கிறது. 4000 ஹெர்ட்ஸில் தொடங்கும் இழப்பு அந்தக் கேள்வியில் பிடிபடாது, பிடிபடும் அளவுக்கு முற்றிய பின்னரோ பிழைப்பே போய்விடும் என்ற அச்சத்தில் ஓட்டுநர் அதை வெளியே சொல்லமாட்டார். அளவு மீறிய இரைச்சலுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கிறது. அதுவும் வெளியே நிற்பவரின் பொருட்டே. 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக சரக்கு வாகனங்களின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டதால் புதிய லாரிகளில் ஜன்னல் மூடப்படும், இரைச்சலும் ஓரளவு வெளியிலேயே நிற்கும். சாலையில் ஓடும் பழைய லாரிகளுக்கு இந்த விதி எதையும் தரவில்லை.

ஆகவே பழைய லாரியின் உரிமையாளர் கடைக்குப் போகும் முன் பேக்கிங்கையும் மடிப்புக்குழாயையும் மவுண்டையும் சோதித்துச் சீர்செய்ய வேண்டும். பிறகும் சைலன்சர் தேவையெனில் அசல் பொருளின் கொள்ளளவுக்குக் குறையாத, உள்ளே அறைகள் கொண்ட உருளையையே கேட்டு வாங்கி, குழாயின் வாயை ஓட்டுநரின் ஜன்னலுக்கு அப்பால் வண்டியின் பின்பக்கம்வரை நீட்ட வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே கைபேசியைக் கொண்டு, ஜன்னல் திறந்த நிலையில், நெடுஞ்சாலையில் வழக்கமாக ஓடும் சுற்றுவேகத்தில் ஓட்டுநரின் தோளருகே அளந்தால், எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் வேறுபாடு தெரிந்துவிடும். வேறுபாடு தெரியாத சைலன்சரை அன்றே கடையில் திருப்பித் தர வேண்டும். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வண்டியை நிறுத்தும் நாட்களில் ஓட்டுநரை அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பி, ஆடியோமெட்ரி எனப்படும் செவித்திறன் சோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். முடிவு எதுவானாலும் வேலை போகாது என்ற உறுதியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.