தொலைவில் பிறந்த நடுக்கம் மெக்சிகோ நகரை ஏன் சாய்த்தது?

1985 செப்டம்பர் 19 அன்று, கோகோஸ் புவித்தட்டு வட அமெரிக்கப் புவித்தட்டின் அடியில் அமிழும் பசிபிக் கரையோரப் பிளவில், அதாவது பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவும் முறிவுப் பரப்பில், 8.0 அளவிலான நிலநடுக்கம் தோன்றியபோது, 350 கி.மீ.க்கும் அப்பாலிருந்த மெக்சிகோ நகரில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். தொலைவு கூடக்கூட நில அதிர்வலைகள் வலுவிழப்பதே இயல்பு என்பதால் இது முரணாகத் தோன்றும். விடையோ நகரின் அடிமண்ணில் இருந்தது. வற்றவைக்கப்பட்ட டெக்ஸ்கோகோ ஏரியின் நீர்செறிந்த மென்களிமண்ணுக்குள் புகுந்த அலைகளின் வேகம் குறைந்து வீச்சு பெருகியதோடு, ஒருமுறை ஆடி மீள அப்படுகை எடுத்துக்கொள்ளும் சுமார் 2 வினாடிக் காலத்துக்கு ஒத்த அதிர்வுகள் மேலும் வலுத்தன, இதுவே ஒத்ததிர்வு. ஏறத்தாழ அதே காலத்தில் அசையும் 6 முதல் 15 மாடிக் கட்டடங்களே மிகுதியாகச் சரிய, 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரம் நிலைத்து நின்றது.