தகரக் கூரையும் குளியலறைக் காற்றும்

தில்லியில் மொட்டைமாடியில் எழுப்பப்படும் தனி அறையைப் 'பர்சாத்தி' என்பார்கள். மழையைக் குறிக்கும் 'பர்சாத்' என்னும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கரோல்பாக் போன்ற பகுதிகளில் வாடகைக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பெயர் புதிதன்று. இத்தகைய அறைகளை ஒட்டி அமையும் குளியலறைக்குப் பெரும்பாலும் தகரமே கூரை. அண்டை வீட்டுச் சுவர்கள் இருபுறமும் நெருங்கி நிற்பதால் சன்னல் வைக்க இடம் இராது. காற்று வெளியேற எஞ்சியிருக்கும் ஒரே வழி கூரைதான்.

ஆகவே கூரையைத் துளைத்துக் குழாய் விட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்த முற்படுகிறோம். அரை நாளில் முடிந்துவிடும் இந்த வேலை, பிழையாகச் செய்யப்பட்டால் பல ஆண்டுகளுக்குத் தொல்லை தரும். சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைவிக்கும். விசிறியை மட்டும் வாங்கிப் பொருத்துவது போதாது. வெளிக்காற்று உள்ளே வரும் இடம் முதல் ஈரக்காற்று கூரைக்கு மேல் கலைந்து செல்லும் இடம் வரை முழுப் பாதையையும் அமைக்க வேண்டும். வேலையைச் செய்பவர் கைத்தொழிலாளராயினும், எதைக் கேட்பது, எதைச் சரிபார்ப்பது என்பதை வீட்டார் அறிந்திருத்தல் நன்று.

மழையில்லாத ஒழுகல்

சனவரி மாதத்தில் தகரக் கூரை சொட்டுகிறது என்று பலர் குறைகூறுவதுண்டு. மேலே ஏறிப் பார்த்தால் ஓட்டை எதுவும் தென்படாது. காரணம் எளிது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராமுக்கும் குறைவாகவே தாங்க இயலும். தில்லியின் குளிர்காலக் காலைகளில் தகரம் அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கும். வெந்நீர்க் குளியலின் ஆவி அதில் பட்டதும் எஞ்சிய ஈரம் துளிகளாக மாறிச் சொட்டுகிறது.

இதனால்தான், விசிறியின் வாயை ஃபால்ஸ் சீலிங்கிற்கும் தகரத்திற்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் விட்டுவிடும் வழக்கம் தவறானது. கண்ணுக்கு மறைந்த ஈரம் வீட்டைவிட்டு வெளியேறிய ஈரமாகாது. அது தகரத்தின் அடிப்புறத்தில் படிந்து, துருவை வளர்த்து, மீண்டும் தலைமேல் சொட்டும். குழாய் கூரையைக் கடந்து திறந்த வெளியில்தான் முடிய வேண்டும்.

விசிறியின் அளவு

குளியலறைக் காற்று ஒரு மணி நேரத்தில் 8 முதல் 10 முறை மாற வேண்டும் என்று கொள்ளலாம். 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு 7.2 கனமீட்டர். பத்து முறை மாற, மணிக்கு 72 கனமீட்டர் காற்று வெளியேற வேண்டும். குழாயிலும் மூடியிலும் ஏற்படும் தடையைக் கருதி, மணிக்கு 100 கனமீட்டர் என்று குறிக்கப்பட்ட விசிறியைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம். விசிறி வாங்கும்போது இறக்கையின் அளவை மட்டும் பார்க்காமல், பெட்டியில் அச்சிடப்பட்ட இந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வராவிட்டால் எத்தகைய விசிறியும் வீணே சுழலும். 700 மில்லிமீட்டர் அகலமுள்ள கதவின் அடியில் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் 140 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். 100 மில்லிமீட்டர் குழாயின் வாய் ஏறத்தாழ 79 சதுர சென்டிமீட்டர்தான். ஆதலால் அந்த இடைவெளியே போதுமானது. குளிருக்கு அஞ்சிக் கதவடியைத் துணியால் அடைப்பது, விசிறியை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

துளைக்கு முன்

முதலில் கூரை எதனால் ஆனது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாம்பல் நிறத்தில் தடித்த நெளிவுகளுடன் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடாக இருக்கலாம். அதை அறுக்கும்போது பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பவை. அத்தகைய கூரையில் துளையிடாமல், சுவர்வழியே வழி தேடுவதோ கூரையையே மாற்றுவதோ நல்லது. வாடகை வீடாயின் உரிமையாளரின் எழுத்துமூல இசைவு தேவை. அடுக்ககமாயின் குடியிருப்போர் சங்கத்திடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூரைமீது ஏறுபவர் தகரத்தின் நடுவில் கால்வைத்தல் ஆகாது. திருகுகள் வரிசையாகத் தெரியும் இடத்தில் அடியில் குறுக்குச் சட்டம் இருக்கும். அந்த வரிசைமீதே நடக்க வேண்டும். வெளிச்சத்திற்காகப் பொருத்திய ஃபைபர் தகடுகள் ஆள் எடையைத் தாங்கமாட்டா. மாடியை ஒட்டிச் செல்லும் மின்கம்பிகள் நகரின் பழைய குடியிருப்புகளில் மிகுதி. குழாயும் ஏணியும் அவற்றின் அருகில் செல்லாதவாறு பார்த்துக்கொள்வது அவசியம்.

துளையை எங்கே, எவ்வாறு இடுவது?

மழைநீர் முகட்டிலிருந்து இறவாரத்தை நோக்கி ஓடுகிறது. கீழே செல்லச்செல்ல நீரின் அளவு கூடும். ஆகவே துளை இயன்றவரை முகட்டின் அருகில் அமைதல் வேண்டும். இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பையும் குறுக்குச் சட்டம் உள்ள இடத்தையும் தவிர்க்க வேண்டும். அகன்ற பட்டைகளுள்ள தகரமாயின் மேடான பகுதியில் துளையிடலாம். பழைய நெளிதகரத்தில் ஒரு நெளிவின் அகலம் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர்தான் என்பதால், 100 மில்லிமீட்டர் குழாய் பள்ளத்தையும் குறுக்கிடும். அங்கே நீரைத் தடுத்து நிறுத்த முயலாமல் இருபுறமும் பிரித்து விடுவதே வழி.

இதற்கென இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் ஆன 'பூட்' கிடைக்கிறது. அதன் மேற்புறம் குழாயை இறுகப் பற்றும். வளையக்கூடிய அலுமினியம் பதித்த கீழ்விளிம்பு, நெளிவுகளுக்கு ஏற்ப மடிந்து தகரத்தோடு ஒட்டும். சதுர விளிம்புள்ள பூட்டை ஒரு மூலை முகட்டைப் பார்க்கும்படி சாய்சதுரமாகத் திருப்பி வைத்தால், வரும் நீர் அந்த மூலையில் பட்டு இரண்டாகப் பிரிந்து ஓடிவிடும். பூட்டின் மேல்வாயைக் குழாயின் விட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வெட்டினால்தான் பிடிப்பு உறுதியாக இருக்கும்.

சிமெண்டையோ தாரையோ குழாயைச் சுற்றிப் பூசிவிடுவதே நம் ஊர்களில் மலிவான வழக்கம். அது நெடுநாள் நிலைக்காது. தில்லியில் குளிர்கால விடியலில் 4, 5 டிகிரிக்குச் செல்லும் தகரம், மே மாத நண்பகலில் 65 டிகிரியைத் தொடலாம். 60 டிகிரி மாறுபாட்டில் 3 மீட்டர் நீள எஃகுத் தகரம் சுமார் 2 மில்லிமீட்டர் நீள்கிறது. நாள்தோறும் நீண்டும் சுருங்கியும் அசையும் தகரத்தோடு சிமெண்ட் அசைவதில்லை, விரிசல் விடுகிறது. ரப்பர் உடன் நீண்டு உடன் சுருங்குகிறது. துளையும் குழாயைவிடச் சற்றே பெரிதாக, சுற்றிலும் சில மில்லிமீட்டர் இடைவெளியோடு இருக்க வேண்டும்.

அறுக்கும் கருவியிலும் கவனம் தேவை. கிரைண்டர் சக்கரத்திலிருந்து தெறிக்கும் தீப்பொறிகள் தகரத்தின் துத்தநாகப் பூச்சைச் சுட்டுவிடும். சிதறும் இரும்புத் துகள்கள் சில நாள்களிலேயே துருப்பிடிக்கும். தகரக் கத்தரியோ வட்டத் துளையிடும் வாளோ போதும். வேலை முடிந்ததும் துகள்களை முற்றிலும் பெருக்கி எடுக்க வேண்டும். சீலண்டைப் பொறுத்தவரை, காய்கையில் காடி நாற்றம் வீசும் சிலிக்கானில் வெளிப்படும் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். 'நியூட்ரல்' என்று குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். செம்பு, ஈயம் ஆகியவற்றால் ஆன பட்டைகள் துத்தநாகம் பூசிய தகரத்தைத் தொடலாகாது. திருகுகள் ரப்பர் வாஷருடன், சுமார் 40 மில்லிமீட்டருக்கு ஒன்றாக விளிம்பைச் சுற்றி அமைய வேண்டும்.

குழாயும் மூடியும்

கூரைக்கு மேல் குழாய் 300 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பது நல்லது. அதன் மேல் மழையைத் தடுக்கும் தொப்பி மூடி வேண்டும். புறாக்கள் கூடு கட்டாதிருக்க, சுமார் 6 மில்லிமீட்டர் கண்களுள்ள வலை போதும். கொசுவலை போன்ற மெல்லிய வலையில் நூல்தூசி அடைத்துக் காற்று நின்றுவிடும். குரங்குகள் நடமாடும் பகுதியில் குழாயை இரும்புப் பட்டையால் பிணைத்துக் கட்ட வேண்டும். கோடைப் புழுதிக்காற்றும் குளிர்காற்றும் உள்ளே இறங்காதபடி, விசிறி நின்றதும் தானே மூடிக்கொள்ளும் ஷட்டர் தேவை.

குழாய் குட்டையாகவும் நேராகவும் இருத்தல் நலம். தொய்ந்து தொங்கும் நெளிவுக் குழாயின் வயிற்றில் நீர் தேங்கும். குளிர்காலத்தில் குழாய்க்குள்ளும் ஆவி குளிர்ந்து துளியாகி விசிறிமேல் வடியும் என்பதால், கூரைக்குக் கீழுள்ள பகுதிக்கு வெப்பக்காப்பு உறை சுற்ற வேண்டும். குளித்து முடித்த பின்னும் 15, 20 நிமிடங்கள் விசிறி ஓடினால் குழாய் உலரும்.

மின்சாரம்

தகரத்தின் வெட்டு விளிம்பு கத்திபோல் கூரியது. அதில் உரசும் மின்கம்பியின் உறை கிழிந்தால் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். ஆகவே கம்பி குழாய்க்குள் பாதுகாப்பாகச் செல்ல வேண்டும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இன்றியமையாதவை. இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

எரிவாயு கீசர் உள்ள குளியலறை

எல்லாவற்றையும் விட முதன்மையான எச்சரிக்கை இதுவே. எரிவாயு கீசர் எரியும்போது அறையின் ஆக்சிஜன் குறைகிறது. நன்கு எரியாத நிலையில் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது இணைகிறது. தலைவலி, கிறக்கம், குமட்டல் என்று தொடங்கி, உதவி கேட்குமுன்னரே மயக்கம் வந்துவிடும். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் தாழிட்ட குளியலறைகளில் நேரும் இறப்புகளுக்கு இது ஒரு காரணம்.

விசிறி பொருத்திவிட்டதால் இந்த ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுதல் கூடாது. மின்தடை ஏற்பட்டால் விசிறி நிற்கும். கீசர் தொடர்ந்து எரியும். புகைக்குழாய் உள்ள கீசராயின், காற்று உள்ளே வரும் வழி போதாதபோது விசிறியின் இழுப்பே கழிவுவாயுவை அறைக்குள் திருப்பி இழுத்துவிடலாம். கசியும் சமையல் எரிவாயுவோ காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும் அதனைக் கூரையிலுள்ள விசிறி முழுமையாக அகற்றாது. எரிவாயு மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், கதவைத் திறந்து, சிலிண்டரை மூட வேண்டும்.

எரிவாயு கீசரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, திறந்த மாடியில் அமைத்து, வெந்நீரை மட்டும் குழாய்வழி உள்ளே கொண்டுவருவதே தக்க தீர்வு. அதுவரை, கதவைத் திறந்து வைத்து வாளியில் நீர் நிரப்பி, கீசரை அணைத்த பின்னரே குளிக்கச் செல்வது நலம். எவரேனும் மயங்கினால் உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

மழைக்கு முன் ஒரு சோதனை

தில்லியில் பருவமழை பெரும்பாலும் சூன் மாத இறுதியில் தொடங்கும். 2024 சூன் 28 காலை வரையிலான 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. பருவத்தின் முதல் மழையே இவ்வாறு கொட்டித் தீர்க்கலாம் என்பதால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வேலையை முடித்துவிடுதல் சிறந்தது. முடிந்ததும் ரப்பர் குழாயால் முகட்டின் பக்கமிருந்து பத்து நிமிடங்கள் நீர் பாய்ச்சி, ஒருவர் உள்ளிருந்து பார்க்க வேண்டும். பின்னர் கதவை மூடி விசிறியை ஓடவிட்டு, கதவடியில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தால் அது உள்நோக்கி இழுபட வேண்டும். இவ்விரு சோதனைகளும் முடிந்த பின்னரே கூலியின் இறுதிப் பகுதியைக் கொடுப்பதென முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம்.

வீட்டுக் காப்பீடு உள்ள வாடிக்கையாளர்கள் தம் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. நாளடைவில் ஏற்படும் துருவும் தேய்மானமும் பொதுவாகக் காப்பீட்டில் அடங்குவதில்லை. கூரையை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், பார்த்துவருவதற்கு ஒரு மணி நேரம் போதும். வலையைத் துடைத்து, திருகுகளை இறுக்கி, ரப்பரில் வெடிப்பு உண்டா என்று நோக்கினால், சிறு செலவில் தீரக்கூடிய குறை கூரையையே மாற்றும் செலவாக வளராது.